அந்த மோட்டார் தானாக ஓடியது

அப்பாவின் சட்டையில் மறுபடியும் அந்த வாசனை வந்திருக்கிறது. பிளீச்சிங் பவுடர் வாசனை. அறைக்கு வெளியே கொடியில் தொங்கும் சட்டையிலிருந்து கதவின் அடிவழியாக உள்ளே வருகிறது. போர்வையைச் சுருட்டி அடைத்துவிட்டேன். வாசனைக்காக மட்டுமில்லை, வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவும்தான். இதை எழுதுவது தெரிந்தால் அப்பா சும்மா இருக்க மாட்டார். போன வாரம் சாப்பிடும்போது உன் பெயரைச் சொல்லிவிட்டேன். அவர் வீசிய தட்டு சுவரில் போய் மோதியது. போகிற வழியில் என் காதைக் கிழித்துவிட்டுப் போனது.

எங்கள் நீச்சல் குளத்தை மறுபடியும் நிரப்பிவிட்டார்கள். அதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும்.

நாளைக் காலை கோயமுத்தூரில், கலெக்டர் ஆபீஸில், ஒரு கூட்டம் நடக்கிறது. நீச்சல் குளங்களுக்கு அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறதாம். அதைப் பற்றி யார் வேண்டுமானாலும் போய்க் கருத்துச் சொல்லலாமாம். உன் அண்ணன் கொடுத்த மனுவும் அங்கே எடுத்துக்கொள்ளப்படும். குளம் வைத்திருப்பவர்கள் சார்பில் பேசப்போவது என் அப்பா. உன்னைப் பற்றித்தான் பேசுவார். உனக்கு நீச்சல் தெரியாது என்று சொல்வார்.

உனக்கு நீச்சல் தெரியாது என்று.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்த காலத்தில் நீதான் முதலில் குதிப்பாய். முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு நான் படியில் நடுங்கிக்கொண்டு நிற்பேன். நீ மேட்டிலிருந்து ஓடிவந்து, மோட்டார் குழாயை ஒரு மிதி மிதித்து, தலைகீழாகப் பாய்வாய். பாம்பு ஒன்று சுவரோரம் நீந்தியபோது என் அப்பாவே மேலே ஏறிவிட்டார். நீ அதன் மேல் தண்ணீரை அடித்துத் துரத்தினாய். "ஏ புள்ள, அதுக்கு உன்னய விட பயமா இருக்குது பாரு" என்றாய். தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள் நீ. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உனக்கு மெதுவாகப் பேசவே வராது. கிணற்றுக்குள் நீ சொல்வதெல்லாம் இரண்டு தடவை கேட்கும். அடிக்கடி நீ சொல்வது ஒன்றுதான்: "தண்ணிகிட்டச் சண்ட போட்டாத்தான் முழுகுவ. சும்மா படு, அது தூக்கும்."

அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கும். என்னைத் திட்டும்போதெல்லாம் உன்னைக் காட்டித்தான் திட்டுவார். "அந்த அம்மணியப் பாரு, பையனாட்டம் நீந்துது" என்பார். அதை அவர் நாளைக்கு நினைத்துக்கொள்வாரா என்று தெரியவில்லை.

பிறகு கிணறு வற்றியது. தென்னைகள் தலை சாய்ந்தன. அப்பா தோட்டத்து வீட்டுக்கு வெள்ளையடித்து, ஊஞ்சல் போட்டு, சனி ஞாயிறுகளில் டவுன்காரர்கள் வந்து தங்கும்படி மாற்றினார். டவுன்காரர்கள் முதலில் கேட்பது குளம் இருக்கிறதா என்றுதான். அதனால் குளம் கட்டினார். கட்டிக் கொடுத்தவர்கள் தண்ணீரைச் சுத்தம் செய்ய ஒரு சின்ன மோட்டார் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கும். நீயும் கூடத்தான் இருந்தாய். நம் ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனால் என்ன மோட்டார், எத்தனை குதிரைச் சக்தி என்றுதான் பேச்சே தொடங்கும். சின்ன மோட்டார் வைத்திருப்பது அவருக்கு மானக்கேடு. ஒரு மாதத்தில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, வற்றிய கிணற்றில் சும்மா கிடந்த பெரிய மோட்டாரைக் கொண்டுவந்து குளத்துக்கு மாட்டினார். "கெணத்தையே எறச்ச மோட்டாருங்க, இந்தத் தொட்டி எம்மாத்தரம்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

குளத்தின் அடியில், தண்ணீர் இழுபடுகிற குழாய் வாயில், ஒரு சல்லடை மூடி இருந்தது. தென்னம்பாளையும் வேப்பிலையும் விழுந்து அது அடைத்துக்கொண்டே இருந்தது. பெரிய மோட்டார் இழுத்த இழுப்பில் அதன் ஒரு பக்கம் பெயர்ந்தது. அப்பா பெயர்ந்ததை மறுபடி வைத்து அமுக்கிவிட்டார். திருகு போடவில்லை.

அதோடு அவர் இன்னொன்றும் மாட்டினார். ஆட்டோ.

அது என்னவென்று உனக்குத் தெரியும். நாளை அந்தக் கூட்டத்தில் உட்காரப்போகிற பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துக்கு மூன்று பேஸ் கரண்டு நினைத்த நேரத்தில் வரும், நினைத்த நேரத்தில் போகும். அது எப்போது வரும் என்று யாரும் மோட்டார் ரூமில் காவல் இருக்க முடியாது. அதனால் எல்லாரும் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆட்டோ மாட்டியிருக்கிறார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச அது வரம். அப்பா குளத்து மோட்டாருக்கும் அதையே வைத்தார். வேண்டும் என்று செய்யவில்லை. மோட்டார் என்றால் ஆட்டோ வைப்பது அவருக்கு வேட்டி கட்டுவது போல.

அன்றைக்கு மத்தியானம் கரண்டு இல்லை. பரீட்சை முடிந்த விடுமுறை. அப்பா சூலூருக்குப் போயிருந்தார். தங்க வருகிற ஒறம்பரை யாரும் இல்லை, அம்மா மட்டும் பின்னால் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நீ சுடிதாரோடு இறங்கினாய். நான் ஓரத்தில் இடுப்பளவு நின்றேன். நீ இறங்கிய பக்கம் ஐந்தடித் தண்ணீர். கிணற்றில் அடிமண் எடுத்து வந்தவள் நீ, உனக்கு அது விளையாட்டு. தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு குளத்தின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாய். முடி உன்னைச் சுற்றிக் கறுப்பாக எழுந்து அசைந்தது. மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "சாமியாரம்மா மாதிரி இருந்தனா?" என்றாய். பேய் மாதிரி இருந்தாய் என்றேன். சிரித்தாய். மறுபடி உள்ளே போனாய்.

மோட்டார் ரூமிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு குழாய் உறுமியது.

முதலில் நீ நடிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். உன் கால்கள் தரையை உதைத்தன. கைகள் தலைக்குப் பின்னால் போயின. அப்புறம் நடிப்பு இல்லை என்று தெரிந்தது. நான் முழுகினேன். கண்ணைத் திறந்து பார்த்தேன். சல்லடை பிய்ந்து ஒதுங்கிக் கிடந்தது. உன் முடி முழுக்க அந்த ஓட்டைக்குள் போய், உன் பின்தலை அதன் வாயோடு ஒட்டியிருந்தது. உன் அக்குளில் கைபோட்டு இழுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். நகம் நான்கும் உள்ளே இறங்கின. நான் சுவரில் காலை ஊன்றி இழுத்தேன். உன் வாய் திறந்தது. என்னவோ சொன்னாய். தண்ணீருக்குள் உன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அதுவரை உன் சத்தம் கேட்காத ஒரே இடம் அதுதான்.

மேலே வந்து கத்தினேன். சூலூர் விமானப்படை விமானம் ஒன்று தலைக்கு மேலே இரைந்துகொண்டு போனது, என் கத்தல் அதில் அமுங்கிவிட்டது. மோட்டார் ரூமுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வயர் திருடுகிறார்கள் என்று அப்பா எப்போதும் பூட்டித்தான் வைப்பார். சாவி அவர் பைக்கில். கல்லை எடுத்துப் பூட்டை அடித்தேன். பூட்டு நசுங்கியது, திறக்கவில்லை. என் விரலும் நசுங்கியது. கதவின் மேல் தலையால் மோதினேன். உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி குளத்துக்கு ஓடினேன். நீ இன்னும் உதைத்துக்கொண்டிருந்தாய், ஆனால் மெதுவாக.

அம்மா தேங்காய் வெட்டுகிற கொடுவாளோடு வந்தாள். நீச்சல் தெரியாதவள். சேலையோடு அப்படியே விழுந்தாள். நான் அவள் தலையைப் பிடித்து உள்ளே அமுக்கினேன், மேலே தூக்கினேன், மறுபடி அமுக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவித் தடவி உன் முடியை அறுத்தாள். தன் உள்ளங்கையையும் சேர்த்து அறுத்துக்கொண்டாள். தண்ணீர் சிவந்தது. அது உன் ரத்தமா அவள் ரத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடி அறுந்ததும் நீ மேலே வந்தாய். பின்தலையில் ஓரிடத்தில் தோல் இல்லை.

அப்பா வந்தது அப்போதுதான். பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். உன் வயிற்றை அமுக்கினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். "அம்மணி, என்ற சாமி, எந்திரி" என்று உன் கன்னத்தில் அறைந்து அறைந்து கூப்பிட்டார். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு லாரியை மறித்து, கதவை உதைத்து, உன்னை ஏற்றினார். இதை நான் எழுதுவது அவரைக் காப்பாற்ற இல்லை. நடந்தது அதுதான். மறுநாள் விடிவதற்குள் ஆட்டோவைக் கழற்றிக் கிணற்றில் போட்டவரும் அவர்தான்.

உன் அண்ணன் உன்னை எரித்த அன்று சாயங்காலம் வந்தான். தறிப்பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் கூட வந்தார்கள். கையில் கடப்பாரையும் சம்மட்டியும். குளத்தில் மிச்சமிருந்த முழங்கால் அளவு தண்ணீருக்குள் இறங்கி நின்றுகொண்டே அடித்தார்கள். டைல்ஸ் தெறித்து ஒருவன் புருவம் கிழிந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை. அப்பா தடுக்கப் போனார். உன் அண்ணன் அவர் வாயில் ஒரு குத்து விட்டு, கழுத்தைப் பிடித்து, அந்தத் தண்ணீருக்குள்ளேயே அவர் முகத்தை அமுக்கினான். அப்பாவின் கால்கள் உதைத்ததைப் பார்த்தேன். உன் கால்களைப் போலவே உதைத்தன. அம்மா கட்டுப்போட்ட கையோடு அவன் காலைக் கட்டிக்கொண்டு, "விட்டுரு சாமி, என்ற தாலி சாமி" என்று அழுதாள். அவன் விட்டான். அப்பா வாயிலிருந்து இரண்டு பல் வந்தது.

"மோட்டார் ஓடுச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க" என்றான் உன் அண்ணன். அடித்த பிறகும் 'ங்க' போட்டுத்தான் கேட்டான்.

"கரண்டே இல்லீங்க தம்பி. புள்ளைக்கு நீச்சல் தெரியல. சொல்லாம எறங்கிருச்சு. முடி போய் மாட்டிக்கிச்சு" என்றார் அப்பா, ரத்தத்தோடு.

அவன் என்னைப் பார்த்தான். அப்பாவும் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "என்ற புள்ள மயங்கிப் போச்சுங்க. எதையும் பாக்கல." போலீஸ் வந்தபோதும் அதையேதான் சொன்னார். அவர்கள் போனதும் என்னை உள்ளே இழுத்துப் போய் அறைந்தார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு தடவை கேட்டார்: "மோட்டார் ஓடுச்சா?" இல்லை என்று நான் சொல்லும்வரை கேட்டார். சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகைக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

மழைக்காலம் முடிந்துவிட்டது. குளத்தின் உடைந்த டைல்ஸை அப்பா புதிதாகப் பதித்துவிட்டார். இப்போது சட்டம் என்கிறார்கள். அதன் நகலை அப்பா வாங்கி வந்து, வாசித்து வாசித்துக் கோபப்பட்டார். அவர் குளிக்கப் போன நேரத்தில் நானும் வாசித்தேன். நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குளத்தின் அடியில் ஓட்டை ஒன்று மட்டும் இருக்கக் கூடாது, தள்ளித் தள்ளி இரண்டு இருக்க வேண்டும், ஒன்றில் யாராவது மாட்டினால் இழுப்பு மற்றதுக்குப் போய்விடும். மூடி திருகப்பட்டிருக்க வேண்டும். நீந்தத் தெரிந்த காவலாள் வேண்டும். மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் கரையிலேயே, எல்லார் கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். அந்த வரியை வாசிக்கும்போது என் நசுங்கிய விரல் தானாக மடங்கியது. பிறகு இன்னொரு வரி வந்தது: ஆட்கள் நீந்தும்போது பெரிய மோட்டார்கள் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

நிறுத்தியிருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கும் அது நின்றுதான் இருந்தது.

ஆட்டோ என்ற சொல் அதில் எங்குமே இல்லை. எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்காது. உன் அண்ணன் மனுவிலும் இருக்காது, ஏனென்றால் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மோட்டாரை யாரோ போட்டார்கள் என்று நினைக்கிறான். யாரும் போடவில்லை. அது தெரிந்தவர்கள் அப்பா, அம்மா, நான். நம் பக்கத்தில் எத்தனை தோட்டங்களில் இப்போது குளம் இருக்கிறது, அதில் எத்தனை பேர் அப்பாவைப் போலவே பழைய மோட்டாரை மாட்டியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இன்று பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்தில், நான் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, தோட்டத்துப் பக்கமிருந்து அந்த 'டக்' கேட்டது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து பார்த்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். மோட்டார் ரூமில் யாருமே இல்லை.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். அவள் அவரிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, ஆட்டோவ எதுக்கு மறுபடியும் மாட்டுனீங்க?"

"கரண்டு எப்ப வருது எப்ப போவுதுன்னு நா அங்கயே உக்காந்திருக்க முடியுமா?"

"ஞாயித்துக்கெழம காதுகுத்து ஊட்டுக்காரங்க தங்க வாராங்க. கொழந்தைக வருமுங்க."

"புதுச் சல்லடை போட்டுட்டனல்ல."

"அன்னிக்கும் சல்லடை இருந்துச்சுங்க."

அப்பா எழுந்து அம்மாவின் கொண்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவள் தலை பின்னால் வளைந்தது. அடிப்பதற்கு மறு கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. தன் விரல்களுக்குள் இருந்த முடியைப் பார்த்தார். முகம் சாம்பலாகப் போனது. சட்டென்று உதறிவிட்டு, வெளியே போய், வாசலில் வாந்தி எடுத்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, நாளைக்குப் பேசவேண்டியதை எங்கள் முன்னாலேயே சொல்லிப் பார்த்தார். "நம்ம பாட்டன் காலத்துல இருந்து கெணத்துல நீந்துறமுங்க. அதுக்கெல்லாம் சட்டமா போட்டாங்க? அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியாதுங்க." கடைசி வரி வரும்போதெல்லாம் குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அம்மா தலையை முடிந்துகொண்டு அவருக்குச் சோறு போட்டாள்.

உன்னைக் கொன்றது தான்தான் என்று ஒப்புக்கொண்டால் செத்துப்போய்விடுவோம் என்று அப்பா பயப்படுகிறார். நானும் அதற்குத்தான் இவ்வளவு நாள் பயந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற குழந்தைகளுக்குக் கரண்டு போன நேரத்தில் குளத்தில் இறங்குவது ஆபத்தாகவே தெரியாது. மோட்டார் நின்றிருக்கிறதே என்று பெரியவர்களும் விடுவார்கள்.

அதனால் நாளை ஸ்கூலுக்குப் போகவில்லை. யூனிபார்மிலேயே சூலூரில் இறங்கி, கோயமுத்தூர் பஸ் ஏறிவிடுவேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, "தனியா போகாத கண்ணு, நானும் வாரேன்" என்றாள். போய்விட்டு வந்த பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அடிக்குப் பயம் இல்லை, அது தெரிந்த விஷயம். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

உனக்கு நீச்சல் தெரியும் என்று முதலில் சொல்வேன். அடுத்து ஆட்டோவைச் சொல்வேன். மோட்டார் நின்றிருந்தால் போதாது, ஸ்டார்ட்டருக்கு வருகிற வயரையே பிடுங்கியிருக்க வேண்டும், குளத்து மோட்டாருக்கு ஆட்டோ கூடவே கூடாது, அதை எழுதுங்கள் என்று சொல்வேன். அது எவ்வளவு வேகமாக இழுக்கும் என்று கேட்பார்கள். அதைக் கருவி வைத்து அளந்தவர்கள் அங்கே இருப்பார்கள். எனக்குத் தெரிந்த அளவு என் இரண்டு தோள்களிலும் இருக்கிறது. சட்டை போடக் கையைத் தூக்கும்போதெல்லாம் வலிக்கிறது. நான் காலை ஊன்றி இழுத்தேன். நீ தரையை உதைத்து உந்தினாய். கிணற்றையே கலக்கிய உன் பலமும் என் பலமும் சேர்ந்து, ஐந்தடித் தண்ணீரில், உன் தலையை அதன் வாயிலிருந்து ஒரு விரற்கடைகூட அசைக்க முடியவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.